சாக்கெட் பொருந்தியது, கணினி எழவில்லை: பழைய மேசைக்கணினி ஒன்றை மேம்படுத்திய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கணினியின் உரிமையாளர் வீட்டிலிருந்தே பதிப்பு வேலை செய்பவர். அச்சில் இல்லாத பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து, பக்கங்களை நேராக்கி, எழுத்துணரி மென்பொருளில் ஓட்டி, பிழை பார்த்து மறுபதிப்புக்குத் தயார் செய்து கொடுப்பார். அந்தக் கணினி நின்றால் அவர் வேலையும் நின்றுவிடும்.

2016-இல் அசெம்பிள் செய்த கணினி அது. எச்110 சிப்செட் (ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் துணைச் சிப்) கொண்ட மதர்போர்டு, இன்டெல் ஐ3-6100 ப்ராசஸர், 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, ஒரு சாட்டா எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி). தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது; திரைக்கான இணைப்பு போர்டிலிருந்தே போகிறது. ஒன்பது வருடமாக ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை.

2025 ஆகஸ்டில் இரண்டு காரணங்களுக்காக இதை மேம்படுத்த நினைத்தார். 300 பக்க நூல் ஒன்றை எழுத்துணரியில் விட்டால் ஐம்பது நிமிடம் ஆகிறது; அதுவரை வேறு எதையும் தொட முடிவதில்லை. இரண்டாவது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிய இருந்தது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால் இன்டெலில் பொதுவாக 8-ஆம் தலைமுறை ப்ராசஸராவது இருக்க வேண்டும், கூடவே டிபிஎம் 2.0-உம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடக்கத்தில் ஓடவிடும் வசதி) வேண்டும். இவருடையது 6-ஆம் தலைமுறை.

அப்போது என்னிடம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார்: "ஐ5 எட்டாவது தலைமுறை நல்லா இருக்குமா?" நல்லா இருக்கும் என்றேன். எந்த போர்டில் போடப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. பின்னால் நடந்ததெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்கியது என்பதால் இதை முதலிலேயே பதிவு செய்கிறேன்.

வாங்கிய பிறகு வந்த அழைப்பு

இரண்டு வாரம் கழித்து ஒரு இரவு அவருடைய அக்கா மகன் அழைத்தான். கல்லூரி மாணவன், கணினியில் ஆர்வம் உள்ளவன். மாமாவுக்காகப் பழைய பாகங்கள் விற்பவரிடம் 8-ஆம் தலைமுறை ஐ5-8400 ஒன்றை வாங்கி, அன்று மாலையே மாட்டியிருக்கிறான். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. விற்றவரோ ப்ராசஸரில் குறை இல்லை, ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன் என்கிறார்.

"போர்டுலயும் 1151னு இருக்கு, ப்ராசஸர்லயும் 1151னு இருக்கு, அண்ணா. பார்த்துத்தான் வாங்கினேன். ரொம்ப ஈஸியா உட்கார்ந்துச்சு, அழுத்தக்கூட இல்ல."

அவன் சொன்னதில் பொய்யே இல்லை. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் ஒன்றுதான். ஓரத்து வெட்டுகளும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. தவறாக மாட்ட முடியாதபடி வைத்திருக்கும் அந்த வெட்டுகளே சரி என்று சொல்லும்போது ஒரு மாணவன் சந்தேகப்பட எந்தக் காரணமும் இல்லை. ஐ3-ஐத் திரும்ப மாட்டி வைக்கச் சொன்னேன், மறுநாள் நேரில் வருகிறேன் என்றேன்.

நேரில் பார்த்தது

நான் போனபோது கணினி பழைய ஐ3-உடன் ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸில் நினைவகத்தைப் பார்த்தேன்: 16 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 8 ஜிபி. முந்தின நாள் வரை முழுதாக இருந்தது என்று உரிமையாளர் உறுதியாகச் சொன்னார்.

ராம் கழன்றிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டையும் எடுத்து, தங்க நிற விளிம்பைத் துடைத்து, ஒவ்வொன்றாக முதல் ஸ்லாட்டில் போட்டேன். இரண்டும் வேலை செய்தன. அதே இரண்டையும் மாற்றி மாற்றி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டால் காலி என்றே காட்டியது. ராமில் பழுதில்லை, ஒரு சேனல் (ப்ராசஸரிலிருந்து ராமுக்குப் போகும் பாதை) முழுதாகப் போயிருக்கிறது. இந்தத் தலைமுறைகளில் ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ஸ்லாட்டுக்குப் போகும் தடங்கள் சாக்கெட் பின்கள் வழியாகத்தான் போகின்றன. ப்ராசஸரைக் கழற்றி மாட்டிய மறுநாளே ஒரு சேனல் காணாமல் போனால் பார்க்க வேண்டிய இடம் சாக்கெட்.

ஹீட்சிங்கைக் கழற்றி, ப்ராசஸரைத் தூக்கிவிட்டு, செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். எல்ஜிஏ வகையில் பின்கள் போர்டில்தான் இருக்கும், ப்ராசஸரின் அடியில் தட்டையான புள்ளிகள் மட்டும். பின்கள் நேராக இருந்தால் சாய்ந்த வெளிச்சத்தில் எல்லாம் ஒரே சீராக மின்னும். ஓரத்திலிருந்து நான்காவது வரிசையில் ஒரு புள்ளி மட்டும் மின்னவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அந்தப் பின் பக்கத்துப் பின்னின் மேல் சாய்ந்து கிடந்தது. முந்தின இரவு ஓடவில்லையே என்ற பதற்றத்தில் பையன் மூன்று தடவை கழற்றி மாட்டியிருக்கிறான். அதில் ஏதோ ஒரு தடவை ப்ராசஸரின் மூலை இடித்திருக்க வேண்டும்.

ஈயம் எடுத்த 0.5 மைக்ரோ டிப் பென்சிலின் முனைக்குள் அந்தப் பின்னை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். 16 ஜிபி வந்தது. இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்தபின் மறுபடி 8 ஜிபி. வளைந்து நிமிர்ந்த பின் தன் இறுக்கத்தை இழந்திருக்கும். மேலும் நோண்டினால் உடைந்துபோகும் என்று அதோடு நிறுத்தினேன்.

ஐ5-8400 ஏன் எழவில்லை

எல்ஜிஏ 1151 என்பதில் உள்ள எண் தொடுபுள்ளிகளின் எண்ணிக்கை, அவ்வளவுதான். எந்தப் புள்ளி எதற்கு என்பதை அது சொல்லாது. 2015-இல் வந்த 6-ஆம் தலைமுறையும் 2017 தொடக்கத்தில் வந்த 7-ஆம் தலைமுறையும் 100, 200 வரிசை சிப்செட்களில் ஓடுபவை. 2017 அக்டோபரில் வந்த 8-ஆம் தலைமுறையும் அடுத்து வந்த 9-ஆம் தலைமுறையும் 300 வரிசை சிப்செட்களுக்கானவை. நான்கு கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி) வரை இருந்தது ஆறு கோர் ஆனதும் மின்சாரத் தேவை கூடியது. முன்பு ஒதுக்கி வைத்திருந்த பின்கள் சிலவற்றை மின்சாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்: கோர்களுக்கு மின்சாரம் தரும் பின்கள் 128-இலிருந்து 146 ஆயின, மின்சாரம் திரும்பிப் போகும் தரைப் பின்கள் 377-இலிருந்து 391 ஆயின. கூடவே, பழைய போர்டுகளின் பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள நிரல்) புதிய ப்ராசஸரை அடையாளம் காணும் நிரல் இல்லை. ஆக, 8-ஆம் தலைமுறையை எச்110-இல் வைத்தால் எழாது. 6-ஆம் தலைமுறையை 300 வரிசை போர்டில் வைத்தாலும் பொதுவாக எழாது.

இந்தச் சிக்கல் 1151-க்கு மட்டும் உரியதில்லை. எல்ஜிஏ 775 என்ற ஒரே பெயரில் பென்டியம் 4 முதல் கோர் 2 குவாட் வரை வந்தன. ஆனால் 915 சிப்செட் போர்டு கோர் 2 வகையை ஏற்காது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் முதல் ரைசன் ப்ராசஸர் தொடங்கி 5000 வரிசை வரை பொருந்தும். ஓடுமா என்பதை போர்டின் சிப்செட்டும் பயாஸ் பதிப்பும்தான் முடிவு செய்கின்றன. சில ஏஎம்4 போர்டுகளில் பயாஸ் சிப் வெறும் 16 எம்பி என்பதால், புதிய ப்ராசஸர்களுக்கு இடம் கொடுக்கப் பழையவற்றின் ஆதரவை நீக்கிய பதிப்புகளும் வந்தன. அப்படிப்பட்ட போர்டில் பயாஸை ஏற்றிவிட்டால் கையில் உள்ள பழைய ப்ராசஸர் அதற்குப் பிறகு அதில் ஓடாது.

இதற்கெல்லாம் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு போர்டு தயாரிப்பாளரும் தன் தளத்தில் அந்தந்த மாடலுக்கு ப்ராசஸர் ஆதரவுப் பட்டியல் வைத்திருப்பார். ப்ராசஸரின் பெயர், அதன் ஸ்டெப்பிங் (அதே ப்ராசஸரின் திருத்தப் பதிப்பு), எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு என்று வரிசையாக இருக்கும். உரிமையாளரின் போர்டு பெயரைப் போட்டு அந்தப் பட்டியலைத் திறந்து பையனிடம் காட்டினேன். 6-ஆம் தலைமுறையும் 7-ஆம் தலைமுறையும் இருந்தன. 8 என்று தொடங்கும் ஒரு வரிகூட இல்லை. கீழே வரை நகர்த்திப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு நிமிஷ வேலைதானே" என்று மட்டும் சொன்னான். நான் தொலைபேசியில் பதில் சொன்ன அன்றே அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழித்திருக்கலாம்.

முன்னால் இருந்த வழிகள்

போர்டை வைத்துக்கொண்டு, அது ஏற்கும் பெரிய ப்ராசஸரைப் போடுவது முதல் வழி. புதிய பயாஸ் பதிப்பை ஏற்றினால் ஐ7-7700 ஓடும். நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). வேகம் கிடைக்கும். ஆனால் 7-ஆம் தலைமுறையின் வழக்கமான மேசைக்கணினி ப்ராசஸர்கள் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. தேவையில் பாதி நிறைவேறாது. சேனல் போன சாக்கெட்டில் இன்னொரு ப்ராசஸருக்குச் செலவு செய்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது, வாங்கிய ஐ5-8400-ஐ வைத்துக்கொண்டு அதற்கேற்ற 300 வரிசை போர்டைத் தேடுவது. டிடிஆர்4 ராம் அப்படியே வரும். 115 என்று தொடங்கும் இந்த சாக்கெட்களில் ஹீட்சிங்க் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர்தான், ஆகவே பழைய ஹீட்சிங்கும் உட்காரும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு இன்டெலின் எல்ஜிஏ 1700 அல்லது ஏஎம்டியின் ஏஎம்5 என்ற புதிய சாக்கெட்களுக்குப் போவது. ஏஎம்5 டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். 1700-இல் போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. ஆயுள் அதிகம், செலவும் அதிகம்.

பையன் நான்காவதாக ஒன்றையும் தேடி எடுத்திருந்தான்: பயாஸைத் திருத்தி, ப்ராசஸரின் அடியில் சில புள்ளிகளை மறைத்து 100 வரிசை போர்டில் 8-ஆம் தலைமுறையை ஓட்டுவது. ஆர்வலர்கள் இதைச் செய்து காட்டியிருப்பது உண்மைதான். பிழைப்புக்கான கணினியில் அதை நான் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பயாஸ் எழுதும்போது ஏதாவது தவறினால் இருக்கிற ஐ3-உம் போய்விடும்.

இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். உரிமையாளரின் வேலைக்கு ஆறு கோர் போதும், விண்டோஸ் 11 தேவையும் தீரும், ராமும் கேபினெட்டும் வீணாகாது. இந்தத் தளத்தில் இதற்கு மேல் பெரிதாக ஏற முடியாது என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொன்னேன். "இன்னும் நாலு வருஷம் ஓடினா போதும்" என்றார்.

போர்டு தேடிய விதம்

இந்த முறை போர்டிலிருந்து தொடங்கினோம். விற்பவர் சொல்லும் சிப்செட் பெயரை மட்டும் நம்பாமல், போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் மாடலும் ரிவிஷன் எண்ணும் தெரியும்படி படம் அனுப்பச் சொன்னோம். ஒரே மாடல் பெயரில் ரிவிஷன் மாறினால் ஆதரவுப் பட்டியலும் பயாஸ் கோப்பும் மாறலாம். ஐ5-8400 அந்தத் தளத்தின் முதல் வெளியீட்டில் வந்தது என்பதால் 300 வரிசை போர்டுகளில் பழைய பயாஸிலும் ஓடும். இதே இடத்தில் 9-ஆம் தலைமுறை ப்ராசஸர் இருந்திருந்தால், போர்டில் இப்போது உள்ள பயாஸ் பதிப்பு என்ன என்றும் கேட்டிருக்க வேண்டும்.

முதலில் கிடைத்தது ஒரு பி360 போர்டு. பட்டியலில் ப்ராசஸர் இருந்தது, அளவும் மைக்ரோ ஏடிஎக்ஸ். ஆனால் பின்பக்கத்தில் எச்டிஎம்ஐயும் டிவிஐ-டியும் மட்டும். உரிமையாளரின் திரையோ பழைய அனலாக் இணைப்பான விஜிஏ. டிவிஐ-டியில் அனலாக் சிக்னல் கிடையாது. சாதாரண இணைப்பான் போட்டால் படம் வராது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு உள்ளே சிப் வைத்த மாற்றி வேண்டும். இன்னொரு பாகத்தை நம்பியிருக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

இரண்டாவது, வேறு தயாரிப்பாளரின் பி360. விஜிஏ இருந்தது, எம்.2 ஸ்லாட் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) ஏற்கும், ராம் ஸ்லாட் இரண்டு. சாக்கெட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். விற்பவர் சலிக்காமல் அனுப்பினார். எல்லாப் பின்களும் சீராக இருந்தன.

எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றினோம். புதிய போர்டில் ப்ராசஸருக்கு 8 பின் இணைப்பு, பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்தது 4 பின். 65 வாட் ப்ராசஸருக்கு 4 பின்னே போதும் என்றாலும் ஒன்பது வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸை நம்பிப் புதிய தளத்தைக் கட்ட எனக்கு மனமில்லை.

மாற்றிய நாள்

முதலில் பழைய எஸ்எஸ்டியில் இருந்த எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தோம். பிறகு அந்த எஸ்எஸ்டியைக் கழற்றித் தனியே வைத்தோம். புதிய என்விஎம்இயில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவுவதென்று முடிவு. ஏதாவது தப்பானால் பழைய போர்டு, ஐ3, பழைய எஸ்எஸ்டி மூன்றும் அப்படியே இருக்கும். அன்று இரவே வேலைக்குத் திரும்பலாம்.

கேபினெட்டில் போர்டை வைப்பதற்கு முன், மேசையில் அட்டைப்பெட்டி மேல் வைத்து ப்ராசஸர், ஒரு ராம், திரை மட்டும் மாட்டிப் பார்த்தோம். டிஸ்ப்ளே வந்தது. ஆறு கோர் காட்டியது. இரண்டாவது ராமையும் போட்டதும் 16 ஜிபி. பழைய ராம் 2133-இல் ஓடுகிறது. இந்த ப்ராசஸர் 2666 வரை ஏற்கும் என்றாலும் இந்த வேலைக்கு அந்த வித்தியாசம் பொருட்டில்லை.

விண்டோஸ் 11 நிறுவல் முதல் முயற்சியிலேயே மறுத்தது: இந்தக் கணினியில் ஓடாது என்ற செய்தி. பையன் முகம் விழுந்துவிட்டது. பயாஸில் பார்த்தபோது சிஎஸ்எம் (பழைய முறையில் கணினியை எழுப்பும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தது, தனிச் சிப் இல்லாமலே டிபிஎம் வேலையைச் செய்யும் இன்டெலின் பிடிடி அணைந்திருந்தது. சிஎஸ்எம்மை அணைத்து, பிடிடியை இயக்கி, செக்யூர் பூட்டையும் போட்டதும் நிறுவல் ஓடியது.

பிறகு வந்தவை

பழைய விண்டோஸ் உரிமம் கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் வகை. அது போர்டோடு பிணைந்தது. புதிய போர்டில் ஆக்டிவேட் ஆகவில்லை. புது உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. செலவுக் கணக்கில் இதை நான் சேர்த்திருக்கவில்லை, உரிமையாளருக்கு அது எதிர்பாராத செலவு.

எழுத்துணரி ஓடும்போது ப்ராசஸர் வெப்பம் 88 டிகிரிக்குப் போனது. ஹீட்சிங்கின் நான்கு கால்களில் ஒன்று போர்டின் மறுபக்கம் முழுதாக வரவில்லை. கழற்றி, தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவி, எதிரெதிர் மூலையாக அழுத்தி மாட்டியதும் 72-ஐத் தாண்டவில்லை.

மூன்றாம் நாள் காலையில் எந்த இணையதளமும் திறக்கவில்லை என்று அழைப்பு. கணினியின் தேதி 2018-ஐக் காட்டியது. இரவு மின்சாரத்தை முழுதாக அணைத்துவிட்டுப் படுப்பது அவர் வழக்கம். போர்டில் இருந்த சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. தேதியோடு பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குப் போயிருந்தன. பேட்டரியை மாற்றி, பிடிடியையும் செக்யூர் பூட்டையும் மறுபடி இயக்கினோம்.

அதன் பிறகு தடையில்லை. 300 பக்க நூல் ஐம்பது நிமிடத்திலிருந்து இருபத்திரண்டு நிமிடத்துக்கு வந்திருக்கிறது. அது ஓடும்போதே முந்தின அத்தியாயத்துக்குப் பிழை பார்க்க முடிகிறது. வேகத்தைவிட இதைத்தான் உரிமையாளர் அதிகம் சொல்கிறார். எச்110 போர்டும் ஐ3-உம் வீணாகவில்லை. லினக்ஸ் போட்டு, ஸ்கேனருக்கு மட்டுமென ஓரமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மறுபடி செய்தால் மாற்றுவது

"இந்த ப்ராசஸர் நல்லதா" என்று யார் கேட்டாலும் முதலில் போர்டின் மாடலைத்தான் கேட்பேன். கேபினெட்டைத் திறக்க வேண்டியதில்லை; விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பேஸ்போர்டு ப்ராடக்ட் என்ற வரியில் மாடலும், அதற்கு அருகிலேயே பயாஸ் பதிப்பும் இருக்கும். பெரிய நிறுவனங்கள் முழுக் கணினியாக விற்கும் மாடல்களில் போர்டின் பெயருக்குப் பதில் கணினியின் மாடல் பெயரைக் கொண்டு தேட வேண்டும். அவற்றில் எஸ்எம்பிஎஸ் இணைப்பே வேறாக இருக்கலாம், போர்டை மட்டும் மாற்றுவது கைகூடாமல் போகலாம்.

ப்ராசஸர் வாங்கும் முன்பே முழுப் பட்டியலையும் ஒரே தாளில் எழுதுவேன்: போர்டு, ராம் வகை, திரையின் இணைப்பு, எஸ்எம்பிஎஸ் பின்கள், ஹீட்சிங்க், விண்டோஸ் உரிமம். பழைய போர்டு வாங்கினால் கையோடு பேட்டரியையும் மாற்றிவிடுவேன். ஓடாத ப்ராசஸரை யாரும் இரண்டாவது தடவை கழற்றி மாட்ட வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுவேன். அன்று இரவு அவன் அழைத்தபோது சாக்கெட்டைத் தொடாதே என்று நான் சொல்லியிருந்தால் ஒரு தடவை மாட்டியதாவது குறைந்திருக்கும்.

உரிமையாளரின் கேபினெட் கதவின் உட்பக்கத்தில் இப்போது ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறது. போர்டு மாடல், ரிவிஷன், பயாஸ் பதிப்பு, பேட்டரி மாற்றிய தேதி. பையனின் கையெழுத்து.